சோறும் சக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் உணவைப் பற்றிப் பேசப் போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நோய்க்கான உணவுமுறைக்கு உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு எவ்வளவு வேண்டும், அது எதிலிருந்து வருகிறது, எங்கே குறைகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

கலோரி என்றால் என்ன? எதை அளக்கிறார்கள்?

சூட்டை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் சக்தி ஒரு கிலோ கலோரி. மருத்துவர் "1,500 கலோரி சாப்பிடுங்கள்" என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். பேச்சில் 'கிலோ' உதிர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

அடுப்பில் கரி எரிவதும் உடம்புக்குள் உணவு எரிவதும் அடிப்படையில் ஒரே காரியம் என்று காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. 1780-களில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். அதற்கு நூறு ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் ஒரு மனிதர் உள்ளேயே உண்டு, உறங்கி, வேலை செய்யும்படி ஓர் அறை கட்டி, வெளியாகும் சூட்டையும் உண்ட உணவையும் ஒப்பிட்டார். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்ற கணக்கு அவர் வழியாக வந்தது. இன்றும் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இருப்பது அந்தக் கணக்குதான். மதுவுக்கு 7.

ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தாலும் சக்தி செலவாகுமா?

நிறையவே. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் செலவில் பாதிக்கு மேல், 60 முதல் 70 சதவீதம் வரை, உயிரோடு இருப்பதற்கே போய்விடுகிறது. இதயம் துடிக்க, மூச்சு வாங்க, உடம்புச் சூட்டைக் காக்க, தேய்ந்த செல்லைப் புதுப்பிக்க என்று இரவும் பகலும் ஓடும் செலவு இது. மூளையின் எடை உடம்பில் இரண்டு சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

இதோடு, சாப்பிட்டதைச் செரிக்கவும் செலவுண்டு. சுமார் பத்து சதவீதம். புரதத்தைச் செரிக்க அதிகம் செலவாகும், கொழுப்புக்கு மிகக் குறைவு. மீதிதான் நடை, வேலை, ஓட்டம். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது இந்த மீதிதான்.

எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும்?

உங்கள் உடம்பையும் வேலையையும் பார்க்காமல் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளில், 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருந்தால் 2,110 கலோரி, நடுத்தர உழைப்பென்றால் 2,710, கடும் உழைப்பென்றால் 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே வரிசையில் 1,660, 2,130, 2,720.

ஆண் எண்களில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 1,360 கலோரி. கொத்தனார் மேலே நின்று கல் வைக்க, கீழிருந்து தலையில் சிமென்ட் சட்டி சுமந்து நாளெல்லாம் ஏறி இறங்கும் சித்தாளுக்கும், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் ஒரே தட்டு ஒத்துவராது. நாற்று நடப் போன தாத்தா மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டும் ஒல்லியாகவே இருந்தார், பேரன் அதில் பாதிதான் சாப்பிடுகிறான், ஆனால் தொப்பை விழுந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். இதில் சோற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவுதான் குறைந்துவிட்டது.

வீட்டிலேயே கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி: எடையை (கிலோவில்) 10-ஆலும், உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கி அதில் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டவும், பெண் என்றால் 161 கழிக்கவும். 45 வயது, 55 கிலோ, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 1,133 வரும். இது படுத்திருக்கும் செலவு. உட்கார்ந்த வாழ்க்கை என்றால் 1.4-ஆல் பெருக்க வேண்டும்; சுமார் 1,590. நிறுவனம் சொன்ன 1,660-க்கு அருகில்தான் நிற்கிறது. நூறு இருநூறு இப்படி அப்படி இருந்தால் கவலைப்படாதீர்கள். உங்கள் எடை மாதக்கணக்கில் ஏறாமல் இறங்காமல் நின்றால், நீங்கள் இப்போது சாப்பிடுவதே உங்கள் தேவை.

இந்த எண்ணை நம் சாப்பாட்டில் எப்படி அளப்பது?

சமையல் தராசு ஒன்றை வாங்கி ஒரே ஒரு வாரம் அளந்து பாருங்கள்; பிறகு கண்ணே பழகிவிடும். எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டிய அரிசி 140 கிராம் நிற்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்பதால், ஓர் ஆழாக்குக்கு 490. அது வெந்து வரும்போது இரண்டரை மூன்று மடங்கு எடையாகும். அதனால் 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான், மீதமெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டு அன்னக்கரண்டியில் ஒரு கரண்டி கிட்டத்தட்ட 100 கிராம் பிடிக்கிறது.

உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் ஆணின் சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி, சட்னி, சாம்பாரோடு சுமார் 370. சர்க்கரை போட்ட காபி இரண்டு வேளைக்கு 160. மதியம் மூன்றரைக் கரண்டிச் சோறு 455. அதோடு சாம்பார், பொரியல், ரசம், தயிர் எல்லாம் சேர்த்து 250. மாலையில் இரண்டு வடை 300. இரவு எண்ணெய் விட்ட தோசை மூன்று, சட்னியோடு 520. கூட்டினால் 2,055. அவருக்கு வேண்டிய 2,110-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. யாரும் அவரை அதிகம் சாப்பிடுகிறவர் என்று சொல்ல மாட்டார்கள். அவரும் குறையாகச் சாப்பிட்டதாக நினைக்க மாட்டார். இதற்கு மேல் இரவு பத்து மணிக்கு ஒரு பரோட்டா கடை என்று ஆரம்பித்தால் அது அப்படியே சேமிப்புக்குப் போகும்.

அந்த நாளின் புரதத்தையும் எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய 50 கிராம் தேறுகிறது. 65 கிலோ ஆணுக்கு வேண்டியது 54. காபியில் இருக்கும் பால், மதியத் தயிர், வடையிலும் இட்லியிலும் இருக்கும் உளுந்து, சாம்பாரின் துவரை ஆகியவைதான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. இவற்றை எடுத்துவிட்டு ரசமும் சோறும் மட்டும் வைத்தால் கலோரி கிடைக்கும், புரதம் கிடைக்காது. அந்தத் தட்டு யாருக்கு வருகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

அரிசியை விட்டால் எடை குறைந்துவிடுமா? சப்பாத்தி நல்லதுதானே?

100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். கோதுமையில் புரதமும் நாரும் கூடுதல், அது உண்மை. சப்பாத்திக்கு மாறியவர் இளைத்தால், பெரும்பாலும் நான்குக்கு மேல் சாப்பிட முடியாததுதான் காரணம். சப்பாத்திக்கு மேல் எண்ணெய் தடவி, உருளைக்கிழங்குக் குருமா ஊற்றிச் சாப்பிட்டால் ஒன்றும் குறையாது.

மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவது உண்டு. கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற வடிவில் அரை கிலோ அளவுக்கு மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. மீண்டும் சோறு சாப்பிட்ட இரண்டு நாளில் அந்த எடை திரும்பிவிடும். கொழுப்பில் ஒரு கிலோ கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 குறைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

புழுங்கலரிசி, பச்சரிசி: எது சத்து?

புழுங்கல். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஏனென்றால் இதன் பின்னால் உயிர்கள் போன கதை இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஆவி இயந்திர ஆலைகள் வந்து அரிசியைப் பளபளவென்று தீட்டத் தொடங்கியதும், ஆசியாவின் அரிசி உண்ணும் நாடுகளில் பெரிபெரி என்ற நோய் பரவியது. கால் மரத்து, நடை தளர்ந்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும். ஜாவா தீவில் இதை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் ஐக்மன், 1890-களில் தன் ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் அதே போன்ற தள்ளாட்டம் வந்ததைக் கவனித்தார். அவற்றுக்கு ராணுவ மருத்துவமனையின் மிச்சமான வெள்ளைச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுத்துவிட, கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, நோயும் போனது. தீட்டும்போது தவிட்டோடு போவது தயமின் என்ற பி1 வைட்டமின். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் நடுப்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். நெல் அவித்த வீடுகளைப் பெரிபெரி பெரும்பாலும் தொடாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இந்த நோயை இந்தியாவில் ஆராய மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையக் கட்டடத்தில் ஒரே ஓர் அறையில் வேலையைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மேலே நான் சொன்ன 2,110 என்ற எண்ணுக்கு வேர் குன்னூரில் இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மெக்கரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை அப்படியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் உணவு உண்டவை செழித்தன. வங்காள, சென்னை மாகாண உணவு உண்டவை பின்தங்கின. அரிசிதான் குற்றவாளி என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. சீக்கியர் தட்டில் முழுக் கோதுமையோடு பாலும் பருப்பும் காய்கறியும் இருந்தன. நம்முடைய தட்டில் தீட்டிய அரிசிக்குத் துணை மிகக் குறைவு. இன்றும் பல வீடுகளில் நிலைமை அதுதான்.

ஒரு சின்ன விஷயம். அரிசியை ஐந்தாறு முறை கசக்கிக் கழுவுவதிலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதிலும் தயமின் போய்விடும். இரண்டு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்த பழக்கம் வீணான பழக்கமல்ல.

பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறதாமே?

கைபேசியில் சுற்றும் செய்தி இது. இரும்பு ஒரு தனிமம். ஒரு இரவு புளித்ததால் அது புதிதாக உண்டாகாது. புளிப்பதால் நடப்பது வேறு. தானியத்தில் இரும்பைக் கட்டிப்போடும் பைட்டிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் ஓரளவு உடைக்கின்றன. அதனால் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது எளிதாகிறது. இட்லி மாவுக்கும் இது பொருந்தும். வெயிலில் வேலைக்குப் போகிறவருக்கு நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒருசேரத் தரும் நல்ல காலை உணவு பழைய சோறு. அதற்குப் பெருமை சேர்க்கப் பொய்யெண் எதுவும் தேவையில்லை. கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் துவையலோ கருவாடோ இருந்தால் இன்னும் நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் புரதம் போதுமா?

போதும், ஆனால் பருப்பை எண்ணிப் போட வேண்டும். பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது கணக்கு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அரிசியில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. சோறும் பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகின்றன.

சிக்கல் அளவில்தான். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம் உண்டு. நான்கு பேர் வீட்டில் சாம்பாருக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் பருப்பு போட்டால், ஆளுக்குக் கிடைப்பது மூன்று கிராமுக்கும் குறைவு. பருப்பைக் கரைத்துத் தண்ணீரை ஏற்ற ஏற்ற சாம்பார் கூடும், புரதம் கூடாது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் அளவுக்கு வேண்டும் என்று ஐதராபாத் நிறுவனம் சொல்கிறது. சுண்டல் செய்யும் நாளில்தான் நம் வீடுகள் அந்த அளவை எட்டுகின்றன.

ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. பாலும் தயிரும்கூடத் தொடாதவர்கள் பி12 வைட்டமினுக்கு மாத்திரையைத்தான் நம்ப வேண்டும். செடி கொடிகளில் அது கிடையாது.

எண்ணெய் எவ்வளவு?

மாதக் கணக்கில் பாருங்கள், எளிது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். அதாவது 275 கலோரி. அதுவே மேல் வரம்பு. ஆறு லிட்டர் போகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செக்கு எண்ணெயா ஆலை எண்ணெயா என்பதில் கலோரி மாறாது. இரண்டிலும் கிராமுக்கு ஒன்பதுதான்.

வேளை தவறிப் பட்டினி கிடந்தால் உடம்பு இளைக்கும்தானே?

இளைக்கும். என்ன விலை கொடுத்து என்பதுதான் கேள்வி.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள், பஞ்சத்தில் வாடும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று கண்டறிய உதவட்டும் என்று தாமாகவே முன்வந்தார்கள். நாளுக்கு 3,200 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆறு மாதம் சுமார் 1,570 கலோரிதான். உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோசு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடையில் கால்வாசி போனது. ஓய்வுச் செலவும் சுமார் 40 சதவீதம் சரிந்தது. வரவு குறைந்ததும் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கோடையிலும் குளிர்ந்தது. எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

இன்றைக்கு எடை குறைக்க விற்கப்படும் பல திட்டங்கள் 1,200 கலோரியில் நிற்கின்றன. அந்த இளைஞர்களுக்குப் பட்டினி என்று வைத்த அளவே 1,570. அவர்கள் உயரமான, உழைத்த ஆண்கள். குள்ளமான, உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு எண் மாறும் என்பது சரிதான். ஆனாலும் கல்லூரிப் பெண்கள் காலை உணவை விட்டு, மதியம் ஒரு டப்பாவில் பாதியைக் கொட்டிவிட்டு, "டயட்டில் இருக்கிறேன் அக்கா" என்று சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. வளரும் எலும்பின் காலம் அது.

நாற்பது வயதைத் தாண்டியதும் எரிக்கும் திறன் குறைகிறதா?

பலர் நம்புவது போல இல்லை. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்த ஆய்வு 2021-இல் வந்தது. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயது முதல் 60 வரை செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மெல்லச் சரிகிறது. நாற்பதில் எடை கூடுவதற்கு நடை குறைந்ததும், தசை குறைந்ததும், தட்டு மாறாததும்தான் பெரும்பாலும் காரணம்.

நடைக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 65 கிலோ உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 200 முதல் 250 கலோரி. திரும்பும் வழியில் டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டால் சரியாகிவிடும். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மூட்டுக்கும் நடை தரும் நன்மை அப்போதும் மிஞ்சும்; அதனால் நடையை விடாதீர்கள்.

மசக்கை தீர்ந்த பிறகு இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா?

இரண்டு மடங்கு வேண்டாம். கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி: ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். உண்மையில் அதிகம் வேண்டியது பால் கொடுக்கும்போதுதான். முதல் ஆறு மாதத்துக்கு நாளுக்கு 600 கலோரி கூடுதல். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் காயையும் மீனையும் நிறுத்தி, மிளகு ரசமும் சுட்ட அப்பளமுமாக நாற்பது நாள் ஓட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூண்டுக் குழம்பும், பால் சுறாப் புட்டும், கருப்பட்டியும் கொடுத்த பத்தியம்தான் பத்தியம்.

ஒரு வயதுக் குழந்தை நாள் முழுக்கக் கஞ்சி குடிக்கிறது. ஆனால் எடை ஏறவில்லையே?

அந்த வயதில் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 80 கலோரி வேண்டும். உங்களுக்கும் எனக்கும் 30 சொச்சம் போதும். வயிறோ சின்னக் கிண்ணம் அளவு. தண்ணியாகக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் 100 மில்லிக்கு 35 கலோரிதான். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு எட்டாது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத பதத்துக்குக் கெட்டியாக்குங்கள். பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசையுங்கள். முட்டை மஞ்சள் கரு, மசித்த கீரை, வாழைப்பழம் எல்லாம் தரலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. முளைகட்டி அரைத்த மாவு குழந்தைக்குச் செரிக்கவும் எளிது. இரண்டு மூன்று மாதமாக எடை நின்றிருந்தால் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ரத்தம் குறைவு என்கிறார்களே, எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் அநேகமாகப் பெண்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 53. பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. கலோரி குறைவாக வேண்டியவருக்கு இரும்பு அதிகமாக வேண்டும். அதாவது பெண் சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் சத்து மிகுந்ததாக இருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர்.

என் அம்மாவின் தட்டை ஒரு வாரம் அளந்தேன். அவருக்கு 62 வயது, 50 கிலோ. எல்லோருக்கும் போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு மேல் உட்காருவார். முதல் நாள் தட்டில் இருந்தது: அடிச்சோறு மூன்று கரண்டி, தெளிந்த ரசம், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பீன்ஸ் பொரியல் இரண்டு விரல் அளவு, தராசில் 18 கிராம். சாம்பாரில் அடியில் கிடக்கும் பருப்பு மற்றவர்களுக்குக் கலக்கி ஊற்றியதில் போய்விட்டது. தயிர் தீர்ந்து மோர்தான் மிச்சம். முட்டை பேரப்பிள்ளைக்கு. வாரம் முடிந்து கூட்டினால் கலோரி நாளுக்கு 1,500-க்கு மேல் வந்தது, அவருக்கு அது குறைவில்லை. புரதம் 33 கிராம், வேண்டியது 41. சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடிப்பார். டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், இருக்கிற இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. "எனக்கு இதுவே போதும்டி" என்பார். பசி அடங்கியதால் அவருக்கு அது உண்மையாகவே போதும் என்று தோன்றியது.

வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு என்பதை அந்த 18 கிராம் பொரியல் எனக்குக் காட்டிய அளவுக்குப் பாடநூல் காட்டவில்லை.

கீரை மட்டும் ரத்தசோகையைத் தீர்க்காது. கீரையின் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போல வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்துச் சாப்பிட்டால் அது கூடும். டீயையும் காபியையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். மீனும் ஈரலும் சாப்பிடுகிறவர்களுக்கு வழி எளிது. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்திருந்தால் அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் போட்டே ஆக வேண்டும். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள்.

கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தை எப்படி மாற்றுவது? அம்மா கேட்கமாட்டேன் என்கிறாரே?

எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை. "எல்லோரும் சேர்ந்து உட்காருவோம்" என்றால் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் தோசைக்கல்லுக்குப் போய்விட்டார். பிறகு வேறு மாதிரி செய்தோம். சமைத்து இறக்கியதும், யாரும் தட்டை எடுப்பதற்கு முன்பே, அவருக்கான பருப்பும் பொரியலும் தயிரும் தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து மூடி மேடையின் இடது மூலையில் வைத்துவிடுகிறோம். எடுத்து வைப்பது அப்பாவின் வேலை. முட்டை வாங்கும்போது ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வாங்குகிறோம். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒரு வாரம் அளந்தேன். புரதம் 43 கிராம் வந்தது. டீ நான்கு மணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. முட்டையில் பாதியை இன்னும் பேரனுக்கு ஊட்டத்தான் பார்க்கிறார்.